விளையாடுறவங்களைக் கேட்டீங்களா?



பூங்காவில் என்ன இருக்கும்? ஓர் ஊஞ்சல், ஒரு சறுக்குமரம், ஒரு சீசா. ஆனா நாம ஆசையா விளையாடுறது எங்கே? வீடு கட்டக் கொட்டி வைத்த மணல் மேட்டில்! திட்டு வாங்கினால்தான் இறங்குவோம். ஏன் அப்படி?

டென்மார்க் நாட்டில் சோரன்சென் என்பவர் இதை யோசித்தார். பூங்கா அமைப்பது அவர் தொழில். அழகான விளையாட்டுத் திடலை விட, கட்டட வேலை நடக்கும் இடத்திலும் பழைய சாமான்கள் நடுவிலும் பிள்ளைகள் சந்தோஷமாக விளையாடுவதைக் கவனித்தார். அப்படி ஓர் இடத்தையே அமைத்துக் கொடுக்கலாமே என்று 1931-இல் ஒரு புத்தகத்தில் எழுதினார்.

1943-இல் அது நடந்தது. அப்போது இரண்டாம் உலகப்போர். டென்மார்க் ஜெர்மனியின் பிடியில் இருந்தது. அந்த நேரத்திலும் கோபன்ஹேகன் நகரின் எம்ட்ரப் பகுதியில் பிள்ளைகளுக்காக ஓர் இடம் திறந்தார்கள். அங்கே பலகை, செங்கல், சுத்தியல், ஆணி, மண்வெட்டி எல்லாம் இருந்தன. பிள்ளைகளே குடிசை கட்டினார்கள், குழி தோண்டினார்கள், பிடிக்கலைன்னா பிரிச்சுட்டு மறுபடி கட்டினார்கள். ஜான் பெர்டெல்சன் என்ற பெரியவர் கூடவே இருந்தார். அதிகாரம் பண்ண அல்ல, உதவி செய்ய. தான் அமைத்தவற்றில் பார்க்க அழகில்லாதது இதுதான், ஆனாலும் இதுதான் சிறந்தது என்று சோரன்சென் பின்னாளில் சொன்னார்.

1946-இல் இங்கிலாந்தைச் சேர்ந்த ஆலன் சீமாட்டி இதைப் பார்த்து வியந்தார். பிறகு லண்டனில் குண்டு விழுந்து இடிந்த இடங்களிலும் இத்தகைய திடல்கள் வந்தன.

இது வெறும் ஆசை இல்லை, உரிமை! 1989-இல் ஐ.நா. சபை குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை ஏற்றது. அதன் 31-ஆம் பிரிவு விளையாடும் உரிமையையும், 12-ஆம் பிரிவு நம்மைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையையும் தருகிறது. இந்தியா 1992-இல் இதில் சேர்ந்தது.

செய்து பார்ப்போம்:

1. உங்கள் திடலை வரைபடமாக வரையுங்கள். யார் எங்கே விளையாடுகிறார்கள் என்று குறியுங்கள்.

2. விளையாட வராதவர்களிடம் ஏன் என்று கேளுங்கள்.

3. களிமண், தீப்பெட்டியால் மாதிரி செய்து தலைமையாசிரியரிடமோ ஊராட்சித் தலைவரிடமோ காட்டுங்கள். முடியாது என்றால் காரணம் கேளுங்கள். கேட்டுட்டு மறந்துட்டா அது கேட்டதே ஆகாது.

எங்கள் வகுப்பில் இதைச் செய்தோம். வரைபடத்தில் வேப்பமரத்துக்கு இந்தப் பக்கம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஒருவர்கூட இல்லை. ஏன் என்று கேட்டோம். "அண்ணா, பந்து பட்டா வலிக்கும்" என்றாள் ஒரு சின்னப் பெண். அந்தப் பந்தை அடிப்பது நாங்கள்தான்!

பெரியவங்க நம்மைக் கேட்கலைன்னு சொல்றோமே, நாம யாரைக் கேட்டோம்? இப்போது எங்கள் கிரிக்கெட் சுவர்ப் பக்கம் மாறிவிட்டது. மரத்தடி அவர்களுக்கு. அங்கே என்ன வேணும்னு அவங்களே வரைஞ்சுகிட்டு இருக்காங்க.