சைக்கிள் அடுக்கிய அறை

கம்பம்,
18.5.2025, ஞாயிறு.

அன்பு மருமகளுக்கு,

மாமா எழுதுவது. போனில் பேசினால் நாலு தடவை "சரி மாமா" சொல்லிவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுகிறாய். கடிதத்திடம் அப்படித் தப்ப முடியாது.

வீரபாண்டித் திருவிழாவில், வளையல் கடை முன்னால், அத்தை உன் கையைப் பிடித்தபோது வெடுக்கென்று இழுத்துத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டாய். அத்தை கவனிக்கவில்லை. நான் பார்த்தேன். நகக்கண்ணில் கறை. கட்டைவிரல் இடுக்கில் கொப்புளம் உடைந்து காய்ந்த தோல். அம்மாச்சி கை அப்படித்தான் இருக்கும். சாகிற வரைக்கும் அந்தத் தோல் உரியவே இல்லை.

"லீவுதானேண்ணே, சும்மா நாலு நாள் என்கூட மலைக்கு வருது" என்றாள் உங்கம்மா. அந்த நாலு நாள் மூன்று வாரம் ஆகிவிட்டது என்று அத்தைக்கு மூன்றாம் மனுஷர் சொல்லித்தான் தெரிந்தது.

மலை வேலையைக் குறைத்துச் சொல்ல எனக்கு வாய் வராது. நான் தின்று வளர்ந்தது ஏலத்தோட்டத்துச் சோறு. கூடலூரோ கம்பமோ போடியோ, எந்த ஊரில் கருக்கலில் நின்று பார்த்தாலும் தூக்குவாளியோடு பெண்கள் ஜீப்புக்குக் காத்திருப்பார்கள். குமுளி வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் ஏறி, இடுக்கியில் களை வெட்டிக் காய் எடுத்து, பொழுது சாய இறங்குவார்கள். இந்தப் பள்ளத்தாக்கில் எத்தனை வீட்டில் அடுப்பு எரிவது அதனால் என்று எனக்குத் தெரியாதா? எனக்குப் பயம் வேலையைப் பார்த்து இல்லை, சனிக்கிழமையைப் பார்த்து. அன்றைக்குக் கையில் காசு விழுகிறது. பதினேழு வயதுக்கு அது பெரிய காசு. அதை வாங்கிப் பழகிவிட்டு மறுபடி பெஞ்சில் போய் உட்கார ரொம்பத் தெம்பு வேண்டும். "ஒரு வருஷம் மலைக்குப் போய்ட்டு அப்புறம் படிக்கிறேன் சார்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போன பிள்ளைகளில் திரும்பி வந்தவர்களை எண்ண ஒரு கை விரல் போதும்.

ஜீப்பில் எத்தனை பேர் ஏறுகிறீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. தெரிந்தால் ராத்திரி தூக்கம் போய்விடும்.

மாப்பிள்ளை (உங்கப்பாதான்) வேறு பக்கம் இழுக்கிறார். கோயம்புத்தூர்க் காலேஜ் ஆள் ஒருத்தர் வீட்டுக்கே வந்து, மேனேஜ்மென்ட் சீட், பஸ் வசதி, வேலை உத்தரவாதம் என்று கலர் புத்தகம் கொடுத்துவிட்டுப் போனாராம். மிச்சமிருக்கிற முக்கால் ஏக்கரை அடமானம் வைப்பதாகப் பேச்சு. உன் அண்ணன் கதையை நான் எழுத மாட்டேன். எழுதினால் உங்கப்பா மனசு கஷ்டப்படும். ஆனால் சுருளிப்பட்டித் தோட்டம் போனது எதற்காக என்று உனக்கும் தெரியும். 2023-ல் நம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தி பேப்பரில் வந்த அன்றைக்கு உங்கப்பா சாப்பிடவில்லை. அந்தப் பந்தலில் இப்போது யாரோ கொத்து வெட்டுகிறார்கள். உன் அண்ணனோ மூன்றாம் வருஷத்தில் அரியரோடு நின்றுவிட்டு, இன்றைக்கும் ப்ளஸ் டூ மார்க் ஷீட்டைத்தான் காட்டி வேலை கேட்கிறான். பார், எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டு எழுதிவிட்டேன்.

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. நீ எடுத்தது கணக்கு, இயற்பியல், வேதியியல், உயிரியல். அந்தக் குரூப்பில் தேறியவர்கள் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருஷம் சேரலாம். மூன்று வருஷ டிப்ளமோவை நீ இரண்டே வருஷத்தில் முடிப்பாய். மதுரை தமிழ்நாடு பாலிடெக்னிக் அரசுக் கல்லூரி, எலக்ட்ரிக்கல் இருக்கிறது, சின்னத் தாத்தா வீடும் அங்கேதான். முடித்த பிறகு தரமணியில் இருக்கிற பயிற்சி வாரியம் வழியாக ஒரு வருஷம் அப்ரண்டிஸ் போகலாம், மாதாமாதம் உதவித்தொகை உண்டு. மின்வாரியமே அந்த வழியில் அப்ரண்டிஸ் எடுக்கிறது. மேலே படிக்கத்தான் ஆசை என்றால், டிப்ளமோக்காரர்கள் பி.இ. இரண்டாம் வருஷத்தில் நேரடியாகச் சேரக் கலந்தாய்வு இருக்கிறது. காரைக்குடி அழகப்பச் செட்டியார் அரசுப் பொறியியல் கல்லூரியில் நடத்துவார்கள். நம் போடியிலேயே 2012-ல் அரசுப் பொறியியல் கல்லூரி வந்துவிட்டதே, அங்கே கிடைத்தால் வீட்டுச் சோறு. அப்பா ஆசைப்படுகிற அதே பி.இ.தான், நாலு வருஷத்தில் முடிவது ஐந்து வருஷம் ஆகும். அந்த ஒரு வருஷத்தைத்தான் உங்கப்பா பெரிதாகப் பேசுகிறார். நடுவில் குடும்பத்தில் ஒன்று கிடக்க ஒன்று நடந்தால் (நடக்க வேண்டாம்) நீ நிற்கிற படியில் உனக்கு ஒரு வேலை இருக்கும். உன் அண்ணன் நின்ற இடத்தில் படியே இல்லை.

பணத்துக்கும் சொல்லிவிடுகிறேன். நீ படித்தது உதவி பெறும் பள்ளி. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் உனக்கு இடமில்லை, அதனால்தான் அந்தக் கலர் புத்தகக்காரர் உன்னைத் தேடி வந்தார். ஆனால் புதுமைப் பெண் திட்டத்தை 2024 டிசம்பரில் உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் நீட்டிவிட்டார்கள். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை நீ அங்கேதானே? மாதம் ஆயிரம் ரூபாய். டிப்ளமோவுக்கும் உண்டு, ஐடிஐக்கும் உண்டு. அடமானத்துக்கு முன்னால் மாப்பிள்ளை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும்.

"எலக்ட்ரிக்கல் படிச்சா இங்க என்ன வேலை?" என்று திருவிழாவில் கேட்டாய். கண்டமனூர்ப் பக்கம் போகும்போது காற்றாலைகளைப் பார்த்திருப்பாய். ஆடிக் காற்றில் ஒன்று நின்றால் ஏறிப் பார்க்க ஆள் வேண்டும். லோயர் கேம்ப்பில் பெரியாற்றுத் தண்ணீர் குழாயில் இறங்கி மின்சாரமாகிறது. நீ களை வெட்டுகிற தோட்டத்திலேயே ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் ஃபேன் ஓடுகிறது, மோட்டார் ஓடுகிறது. பள்ளத்தாக்கு முழுக்க எத்தனை போர் மோட்டார்! கோடையில் வோல்டேஜ் இறங்கிக் காயில் புகையாத நாள் உண்டா? என்னிடம் படித்த பையன் ஒருத்தன் சின்னமனூரில் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறான். பங்குனி சித்திரையில் அவனைப் பார்க்க டோக்கன் வாங்க வேண்டும். பத்தாவதில் கணக்கில் முப்பத்தைந்து வாங்கியவன். இன்றைக்கு ஸ்டேட்டரைக் கையில் வாங்கிப் பார்த்தவுடன் எத்தனை ஸ்லாட், எந்த கேஜ் கம்பி, எத்தனை சுற்று என்று சொல்லுவான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி என் வயிற்றெரிச்சலைச் சொல்லிக்கொள்கிறேன். உனக்குப் பாதி தெரிந்த கதைதான். தமிழ்நாட்டில் ப்ளஸ் டூ வந்தது 1978-ல். தொழிற்கல்விப் பிரிவும் கூடவே வந்தது. அந்த முதல் செட்டில் மோட்டார் காயில் கட்டுகிற குரூப் எடுத்தவன் உன் மாமா. நல்ல மார்க். தெரிந்தே எடுத்தேன். பிறகு ஐடிஐ, அப்ரண்டிஸ், அப்புறம் அதே குரூப்புக்கு வாத்தியார். முப்பத்தேழு வருஷம். முதலில் பகுதி நேரம், சம்பளம் என்று சொல்லவே கூச்சமாக இருக்கும். ஸ்டாஃப் ரூமில் எனக்குப் பேர் "வயர்மேன் வாத்தியார்". சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். நானும் சிரித்துக்கொள்வேன். ஜூன் மாதம் அட்மிஷன் போடும்போது முதல் குரூப், இரண்டாம் குரூப் எல்லாம் நிரப்பிவிட்டு, மிஞ்சிய பிள்ளைகளை, "ஒனக்கு இதுதான், போ" என்று என்னிடம் தள்ளிவிடுவார்கள். அந்தப் பிள்ளை வகுப்புக்குள் நுழையும்போதே தலை தொங்கியிருக்கும். அதை நிமிர்த்தவே எனக்கு ஆறு மாதம் போய்விடும், மிச்ச நாளில்தான் பாடம். செப்புக் கம்பி வாங்கப் பணம் இல்லாமல் மூன்று வருஷம் பழைய காயிலையே அவிழ்த்து அவிழ்த்துக் கட்டியிருக்கிறோம். 2018-ல் பாடத்திட்டம் மாறி, அடிப்படை மின் பொறியியல் என்று நல்ல புத்தகம் வந்தது. நன்றாகவே எழுதியிருந்தார்கள். நான் ஓய்வு பெற்றேன், என் இடத்துக்கு ஆள் வரவில்லை, குரூப்பையே மூடிவிட்டார்கள். போன மாதம் ஒரு வேலையாக அந்தப் பள்ளிக்குப் போனேன். என் ஒர்க்‌ஷாப்பில் இலவச சைக்கிள் அடுக்கி வைத்திருக்கிறார்கள். லேத் பெஞ்ச் மேல் சீட்டு உறை கிடக்கிறது. மெகர் பெட்டி எங்கே போயிற்று என்று கேட்டேன். அப்படி என்றால் என்ன சார் என்றார் ஒரு புது வாத்தியார். நல்ல பையன். அவரைச் சொல்லி என்ன.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நீ ப்ளஸ் ஒன் சேர்ந்தபோது நான் சொன்னதை உங்கப்பா கேட்காதது பற்றி இப்போது பேசவில்லை.

ஜனங்களுக்குத் தொழிற்கல்வி என்றால் ஏன் முகம் சுருங்குகிறது என்பதும் எனக்குத் தெரியும், அதில் நியாயமும் இருக்கிறது. 1953-ல் ராஜாஜி அரை நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் வீட்டுத் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். குலக்கல்வி என்று பெரியார் எதிர்த்தார். அடுத்த வருஷம் காமராஜர் முதலமைச்சராக வந்ததும் அதை எடுத்துவிட்டார்கள். எடுத்தது சரி. அந்தத் திட்டம் ஓடியிருந்தால் அம்மாச்சி மகன் இன்றைக்கும் மலையில்தான் இருப்பான். அதில் அப்பன் தொழிலோடு கதவைச் சாத்திவிடுவார்கள். நான் சொல்கிற ஏணியில் ஐடிஐ முடித்தவன் டிப்ளமோ இரண்டாம் வருஷத்துக்குப் போகிறான், டிப்ளமோ முடித்தவள் பி.இ. இரண்டாம் வருஷத்துக்குப் போகிறாள். உச்சியில் ஓடு போட்டு மூடவில்லை. அமெரிக்காவில் இதைச் சமுதாயக் கல்லூரி என்று 1901-லிருந்தே, ஜோலியட் என்ற ஊரில் ஆரம்பித்து நடத்துகிறார்கள். இரண்டு வருஷம் பக்கத்திலேயே படித்து, வேண்டுமென்றால் அதைக் கணக்கில் வைத்துப் பல்கலைக்கழகம். நம் பக்கத்திலும் 1995-ல் புதுச்சேரியிலும் 1996-ல் சென்னையிலும் சமுதாயக் கல்லூரிகள் வந்தன. சேவியர் அல்போன்ஸ் என்ற ஏசு சபைப் பாதிரியார் அதற்காகவே அலைந்தார். படிப்பை விட்டவர்களையும் கூப்பிட்டு, ஒரு வருஷத்தில் தொழிலும் நாலு பேரிடம் பேசிப் பழகத் தைரியமும் கொடுத்து, கம்பெனியிலேயே பயிற்சிக்கு உட்கார வைப்பது அவர்கள் முறை. அந்தத் தைரியம் என் குரூப்பில் எனக்குத் தோன்றாமல் போன பாடம். காயில் கட்டச் சொல்லிக் கொடுத்தேன், கூலி கேட்கச் சொல்லிக் கொடுக்கவில்லை.

பொம்பளைப் பிள்ளை மோட்டார் கழற்றுமா என்று ஊரில் கேட்பார்கள். முதல் வருஷச் சம்பளம் மலைக் கூலியைவிடக் குறைவாகக்கூட இருக்கலாம். அதையெல்லாம் நேரில் பேசிக்கொள்வோம்.

முடிவு உன்னுடையது. நான் திணிக்கவில்லை. மலையோ கோயம்புத்தூரோ மதுரையோ, நீ யோசித்துச் சொல். பாலிடெக்னிக் விண்ணப்பத்தை மட்டும் நான் எதற்கும் நிரப்பி வைத்திருக்கிறேன், கையெழுத்துதான் பாக்கி.

எழுதியதைத் திருப்பிப் படித்தேன். கடிதம் மாதிரியே இல்லை, முதல் பீரியட் மாதிரி இருக்கிறது. அத்தையும் எட்டிப் பார்த்துவிட்டு, "புள்ள பயந்துக்கும், கொஞ்சம் அன்பா எழுதுங்க" என்கிறாள். பயப்படாதே தாயி. நீ பி.இ.தான் என்று பிடிவாதம் பிடித்தால் கோயம்புத்தூருக்கு நானே கூட வந்து ஹாஸ்டலில் பாய் விரித்துவிட்டு வருவேன், பேங்க்கில் ஜாமீன் கையெழுத்தும் போடுவேன். மதுரைக்குப் போனால் என் பழைய ஸ்க்ரூ டிரைவர் செட் உனக்குத்தான். மரப்பிடி போட்டது. மலைக்கே போகிறேன் என்றாலும் கோபிக்க மாட்டேன், நான் ரிட்டயர் ஆனவன், கம்பம்மெட்டு ரோட்டில் விடியக்காலையில் ஃபிளாஸ்க்கோடு நின்று உனக்கும் உங்கம்மாவுக்கும் டீ ஊற்றிக் கொடுப்பேன். உன் மார்க்கைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லையே. நல்ல மார்க்தான். இயற்பியலில் நீ வாங்கியதை அத்தை தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள், எதிர்வீட்டுக்காரர்களுக்கு இரண்டு தடவை. பன்னீர் திராட்சை ஒரு பெட்டி பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன். கையில் போட அத்தை ஒரு களிம்பு வைத்திருக்கிறாள், அதுவும் பெட்டிக்குள் இருக்கும். வளையல் அளவு இரண்டே கால்தானே? அதையும் வாங்கிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை வா. டி.சி., மார்க் ஷீட், நாலு போட்டோ எடுத்துக்கொண்டு வா. சும்மா இருக்கட்டும் என்றுதான்.

இப்படிக்கு,
உன் மாமா

பி.கு.: நாளைக்கும் மலைக்குப் போவதாக இருந்தால் ஜீப்பில் நடு சீட்டில் உட்கார். பின்னால் கம்பியைப் பிடித்துத் தொங்காதே. உங்கம்மாவையும் உட்காரச் சொல்.