கம்பனி கைவிட்ட வண்டிக்குச் சங்கம் எதற்கு?

திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றியுள்ள வீதிகளில் காலை நேரத்தில் நின்று பார்த்தால், தயாரிப்பு நின்றுபோன மோட்டார் சைக்கிள்கள் இன்றும் ஓடுவதைக் காணலாம். பின்னால் மீன் பெட்டி கட்டிய ஹொண்டா எம்.டி. 90 ஒன்று போகும். சீனக்குடாப் பக்கம் ஆலை வேலைக்குப் போகிறவரின் பழைய சி.டி. 125 ஒன்று அதை முந்தும். 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை பாதையில் ஏறி இறங்கித்தான் இவை அக்கரைக்குப் போய் வந்தன. இவற்றைச் செய்த கம்பனி வேறு மொடல்களுக்குப் போய்விட்டது. இவற்றை வைத்துப் பிழைக்கிறவர்களோ அதே வண்டியில்தான் இருக்கிறார்கள்.

பழைய மொடல் வைத்திருப்பவர்கள் சேர்ந்து சங்கம் அமைப்பது இப்போது நம் நாட்டிலும் பரவி வருகிறது. ஒரே நிறத்தில் டீ சேர்ட் அடிப்பார்கள், நிலாவெளிக்கு ஊர்வலமாகப் போவார்கள், படம் எடுப்பார்கள். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உதிரிப்பாகம் விற்கிறவன் என்ற முறையில் எனக்கு எழும் கேள்வி வேறு. இருபது வருடத்துக்குப் பிறகு அந்தச் சங்கத்தில் ஓடுகிற வண்டி எத்தனை மிஞ்சும்? அதைத் தீர்மானிப்பது ஊர்வலம் அல்ல. சங்கம் ஒரு கொள்முதல் நிறுவனமாக நடந்துகொள்கிறதா இல்லையா என்பதுதான் தீர்மானிக்கும். இந்த வாரம் அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

முதலில் ஒரு வித்தியாசத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். தயாரிப்பு நின்ற வண்டிகளில் உறவுக்காரர் உள்ள வண்டி, தனித்த வண்டி என்று இரண்டு சாதி உண்டு. எம்.டி. 90 முதலாவது சாதி. 1971இல் ஜப்பான் அஞ்சல் சேவைக்கென்று ஹொண்டா இதைச் செய்யத் தொடங்கியது. அதனால்தான் இங்கு வந்து இறங்கியவை பலவும் தபால்காரர் சிவப்பில் இருந்தன. ஆனால் இதன் என்ஜின், ஹொண்டா 1958இல் தொடங்கிய சூப்பர் கப் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்ப வண்டிகளின் உற்பத்தி 2017இல் 10 கோடியைத் தாண்டியது. அவ்வளவு பெரிய குடும்பம் என்பதால் தாய்லாந்திலும் சீனாவிலும் இன்றைக்கும் ரிங்கும் வால்வும் கேஸ்கட்டும் அடித்துக்கொண்டே இருக்கிறார்கள். பஞ்சிகாவத்தைக்கு ஆள் அனுப்பினால் சாமான் வந்துவிடும். எம்.டி. 90 காரருக்குச் சங்கம் என்பது சந்தோஷத்துக்கு மட்டும்தான், பிழைப்புக்கு அல்ல.

தனித்த வண்டியின் கதை வேறு. அதற்கு நல்ல உதாரணம் இந்தியாவின் ஜாவாவும் யெஸ்டியும். செக் நாட்டு ஜாவாவின் உரிமத்தைப் பெற்று, மைசூரில் ஐடியல் ஜாவா என்ற கம்பனி 1961இல் உற்பத்தியைத் தொடங்கியது. 1973 முதல் அதே வண்டி யெஸ்டி என்ற பெயரில் வந்தது. 1996இல் தொழிற்சாலை மூடப்பட்டது. இரண்டு ஸ்ட்ரோக் என்ஜின், இரண்டு பக்கமும் சைலன்சர். அதைவிட விசேஷம் கிக்கர். அந்த வண்டியில் கிக்கரும் கியர் லீவரும் ஒன்றேதான். ஸ்டார்ட் செய்த பிறகு அதே லீவரை முன்னால் மடித்துக் கியர் போட வேண்டும். ஓட்டுகிறவருக்கு அது பெருமை. உதிரிப்பாகக் கடைக்காரனுக்கோ அது தலையிடி. ஏனென்றால் அந்த லீவருக்குப் பின்னால் இருக்கும் சாப்ட்டும் பல்லும் வேறெந்த இந்திய வண்டிக்கும் ஜப்பான் வண்டிக்கும் பொருந்தாது. ஆலை மூடிய அன்றே அந்தச் சாமான் அநாதையாகிவிட்டது.

இருந்தும் மைசூர், பெங்களூர்ப் பக்கம் இந்த வண்டிகள் இன்றும் ஓடுகின்றன. ஆண்டுதோறும் ஜூலை மாதத்து இரண்டாம் ஞாயிறை ஜாவா தினமாகக் கொண்டாடுகிறார்கள். கொண்டாட்டம் வெளியே தெரிகிறது. வெளியே தெரியாதது, சின்னச் சின்னப் பட்டறைகளில் மாதிரி கொடுத்து சாமான் செய்வித்தவர்களின் உழைப்பு. இருபத்திரண்டு வருடம் அந்தப் பெயரைச் சந்தையில் உயிரோடு வைத்திருந்தவர்கள் அவர்களும் அந்த வண்டிக்காரர்களும்தான்.

பிறகு நடந்ததை நம் வர்த்தகர்கள் கவனிக்க வேண்டும். 2018 நவம்பரில், மஹிந்திராவின் முதலீட்டைக் கொண்ட கிளாசிக் லெஜண்ட்ஸ் என்ற கம்பனி ஜாவா என்ற பெயரில் புதிய வண்டிகளை இறக்கியது. 2022 ஜனவரியில் யெஸ்டியும் வந்தது. பழைய வண்டிக்காரர்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் புதிய ஜாவா 293 சீசீ, நான்கு ஸ்ட்ரோக், தண்ணீரில் குளிரும் என்ஜின். பழைய 250இன் பிஸ்டனோ கிராங்கோ அதில் இல்லை. பெயர் திரும்பி வந்தது, உதிரிப்பாகம் வரவில்லை. அத்தோடு இன்னொரு விடயம். அத்தனை பேர் அந்தப் பெயரைத் தூக்கிப் பிடித்திருக்காவிட்டால், செத்துப்போன ஒரு பெயரில் எந்த முதலாளி பணம் போடுவார்? அந்த நன்மதிப்புக்கு வியாபாரத்தில் ஒரு விலை உண்டு. அதை உண்டாக்கியவர்களின் கையில் பத்திரம் ஒன்றும் இருக்கவில்லை. எனவே கம்பனி திரும்பி வரும், வந்து நம்மைக் காப்பாற்றும் என்று காத்திருப்பது சங்கங்களுக்கு ஒரு திட்டமே அல்ல.

தமிழ்நாட்டில் இதே பைத்தியம் யமஹா ஆர்.எக்ஸ். 100 மேல். 1985இல் வந்து 1996இல் நின்ற 98 சீசீ வண்டி. இன்று நன்றாகப் புதுப்பித்த ஒன்று 1 இலட்சம் இந்திய ரூபாயைத் தாண்டி விலை போகிறது. இதற்கு அரைகுறை உறவுக்காரர் உண்டு, அதனால் சாமான் கிடைக்கிறது. கெடுதல் என்னவென்றால், போலிச் சாமானும் அதே வேகத்தில் கிடைக்கிறது. பெட்டி அசல் போலவே இருக்கும், உள்ளே ரிங் இரண்டாயிரம் கிலோமீற்றரில் தேய்ந்துவிடும்.

ஆர்.எக்ஸ். காரர்களுக்குச் சட்டத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. இந்தியாவில் 2021 ஜூலையில் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் கடந்த வண்டியைத்தான் பழம்பெரும் வாகனம் என்று தனியாகப் பதியலாம். அப்படிப் பதிந்தால் அன்றாடப் பாவனைக்கு எடுக்கவும் முடியாது. மற்ற வண்டிகள் 15 வருடம் முடிந்ததும் ஐந்தைந்து வருடமாகப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டே போக வேண்டும். அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் மோட்டார் சைக்கிளுக்கு 300இலிருந்து 1,000 ரூபாயானது. முதல் ஆர்.எக்ஸ். 100க்கு 50 வயதாவது 2035இல். அதுவரை அது சட்டத்தின் கண்ணில் வெறும் பழைய வண்டி. இந்த நடு வயதில்தான் வண்டிகள் அதிகம் இரும்புக் கடைக்குப் போகின்றன.

இனிக் கணக்குக்கு வருவோம். என் கடையில் அடிக்கடி கேட்பார்கள், “நானா, இவ்வளவு பேர் தேடுகிறோமே, நீங்களே செய்வித்து வைத்தால் என்ன?” என்று. ஓர் உதாரணக் கணக்கைப் பாருங்கள். ஒரு சாமானுக்கு அச்சுச் செய்ய 3 இலட்சம் ரூபா செலவு. அச்சு வந்த பிறகு ஒன்றின் அடக்கம் 600 ரூபா. 50 மட்டும் அடித்தால் ஒன்று 6,600 ரூபாவில் நிற்கும். யாரும் வாங்க மாட்டார்கள். 500 அடித்தால் ஒன்று 1,200 ரூபா. விலை சரி. ஆனால் வருடத்துக்குப் பத்து விற்கிற கடையில் 500 தீர 50 வருடம் வேண்டும். நானும் இருக்க மாட்டேன், வண்டியும் இருக்காது. கடைக்காரன் பேராசைக்காரன் என்பதால் சாமான் வராமலிருக்கவில்லை. வாங்குகிறவர் எத்தனை பேர், எப்போது வாங்குவார்கள் என்பது அவனுக்குத் தெரியாததால்தான் வராமலிருக்கிறது. அந்த ஒரு தகவலைத் தரக்கூடியது சங்கம் மட்டும்தான். உறுப்பினர் 400 பேர், அவர்களில் 320 பேர் பணம் கட்டிவிட்டார்கள் என்று பட்டியலோடு வந்தால், எந்தப் பட்டறையும் கதிரை போட்டு உட்காரச் சொல்லும்.

இதைச் செய்து காட்டியவர்கள் இங்கிலாந்தின் வின்சென்ட் வண்டிக்காரர்கள். ஸ்டீவனேஜ் நகரில் செய்யப்பட்ட வின்சென்ட் மோட்டார் சைக்கிள் 1955இல் நின்றது. உலக யுத்தத்துக்குப் பிறகு செய்யப்பட்டவை 11,000 அளவில்தான். உரிமையாளர் சங்கம் கம்பனி உயிரோடு இருந்த காலத்திலேயே, 1948இல் தொடங்கிவிட்டது. உதிரிப்பாகம் தடைப்படும் நிலை வந்தபோது அவர்கள் மனுக் கொடுத்துக்கொண்டிருக்கவில்லை. 1975இல் உறுப்பினர்களின் பணத்திலேயே உதிரிப்பாகத்துக்கென ஒரு தனிக் கம்பனியைப் பதிந்தார்கள். தேய்கிற சாமானை ஒவ்வொன்றாகச் செய்வித்தார்கள். கடைசியில், 2000களில், தங்கள் இருப்பிலுள்ள சாமான்களைக் கொண்டே பிளாக் ஷடோ மொடலில் ஒரு முழுப் புதிய வண்டியைக் கட்டி எழுப்பினார்கள். வண்டி நின்று அரை நூற்றாண்டுக்குப் பிறகு! நமக்குப் பிரமிப்பாக இருக்கலாம், ஆனால் இதில் மந்திரம் ஒன்றுமில்லை. கொள்முதலை ஊர்வலத்திலிருந்து பிரித்து, தனிக் கணக்கு, தனிப் பொறுப்பு என்று வைத்தார்கள். அவ்வளவுதான்.

நம்மவர்கள் தடுக்கி விழும் இடமும் இதுதான். சங்கத்தின் செயலாளரே சாமான் விற்கத் தொடங்குவார். முதல் வருடம் உதவி, இரண்டாம் வருடம் வியாபாரம், மூன்றாம் வருடம் சண்டை. விற்பவர் யார், விலை வைப்பவர் யார், கணக்குப் பார்ப்பவர் யார் என்பது முதல் நாளே எழுத்தில் இருக்க வேண்டும். முன்பணம் வாங்கிச் சாமான் செய்விப்பது பற்றிச் சில வாசகர்களுக்கு மார்க்க ரீதியான தயக்கம் இருக்கலாம். கையில் இல்லாததை விற்கக் கூடாது என்பது பொது விதி. ஆனால் அளவும் தரமும் விலையும் குறிப்பிட்டு ஒரு பொருளைச் செய்யச் சொல்லும் ஒப்பந்தத்துக்கு இஸ்திஸ்னா என்று தனி இடமே உண்டு. அளவைச் சரியாக எழுதுவது அங்கு நிபந்தனை. பட்டறைக்காரர் கேட்பதும் அதையேதான்.

அந்த அளவு எங்கிருந்து வரும்? தேய்ந்த சாமானை மாதிரியாகக் கொடுத்தால் பட்டறை தேய்ந்த அளவிலேயே செய்து தரும். அதனால் பாவிக்காத அசல் ஒன்று எங்காவது அகப்பட்டால், அதை வண்டியில் பூட்டாமல் சங்கத்தின் அலுமாரியில் வைக்க வேண்டும். உறுப்பினர்களுக்கு இது கசக்கும். ஒருவர் வண்டி நின்று கிடக்கும்போது அலுமாரியில் புதுச் சாமான் இருக்கிறது என்றால் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் பூட்டினால் ஒரு வண்டி ஓடும், அளந்து வைத்தால் முந்நூறு ஓடும். அதேபோல் நமது வயதான மெக்கானிக் பாஸ்மாரின் கையிலுள்ள அளவுகளை, எந்த இடைவெளி எத்தனை, எந்தத் திருகை எவ்வளவு முறுக்குவது என்பதை, அவர்கள் இருக்கும்போதே எழுதி எடுக்க வேண்டும். அவர்களுக்கு அதற்கொரு கொடுப்பனவும் கொடுக்க வேண்டும்.

இலங்கைக்கு வந்தால் பிரச்சினை எண்ணிக்கையில் இருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியில்தான் மோட்டார் சைக்கிள்களுக்கு மீண்டும் வழி திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் மூலையில் கிடந்த வண்டிகளெல்லாம் வெளியே வந்து விலை ஏறின. 2022இல் எரிபொருள் அட்டை தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர். அப்போது குறைவாகக் குடிக்கும் பழைய தொண்ணூறுகளின் அருமை எல்லோருக்கும் விளங்கியது. பழைய வண்டி இங்கே பொழுதுபோக்கு மட்டுமல்ல. ஆனால் ஒரு தனித்த மொடலை எடுத்தால், நம் மாவட்டத்தில் முப்பது வண்டி தேறினால் பெரிது. முப்பது வண்டிக்கு யாரும் அச்சுச் செய்ய மாட்டார்கள். ஆகவே திருகோணமலைச் சங்கம், மூதூர்ச் சங்கம், கிண்ணியாச் சங்கம் என்று ஊருக்கொன்று தொடங்குவதை நான் ஆதரிக்கவில்லை. சங்கம் மொடலுக்கு இருக்க வேண்டும், ஊருக்கு அல்ல. யாழ்ப்பாணத்தவரும் கண்டிக்காரரும் குருநாகல் சிங்களச் சகோதரரும் ஒரே பட்டியலில் இருந்தால்தான் எண்ணிக்கை வரும். அதுவும் போதாவிட்டால் தமிழ்நாட்டிலோ கர்நாடகாவிலோ நடக்கும் ஓடரோடு நம் நூறையும் சேர்த்து அடிக்கச் சொல்லலாம். அச்சுச் செலவு அங்கேயே தீர்ந்துவிடும்.

பட்டியல் எழுதும்போது பெயருக்கு முன்னால் என்ஜின் இலக்கமும் செசி இலக்கமும் எழுதுங்கள். புத்தகம் ஒன்று, வண்டி வேறொன்று என்ற கூத்து பழைய வண்டிகளில்தான் அதிகம். விலை ஏற ஏற அது இன்னும் கூடும். சங்கத்தின் பதிவேட்டில் இல்லாத இலக்கத்துக்குச் சாமான் இல்லை என்ற ஒரு விதியே பாதித் திருட்டைத் தடுக்கும்.

முதல் ஓடராக எதைச் செய்விப்பது என்று கேட்டால், பலரும் பிஸ்டன், கிராங்க் என்று பெரிய சாமானைத்தான் சொல்வார்கள். நான் ரப்பரைச் சொல்வேன். ஒயில் சீல், காபரேட்டர் மணிபோல்ட் ரப்பர், டாங்கி ரப்பர், சக்கரத்துக் குஷ். இரும்பு நாற்பது வருடம் பெட்டியில் கிடந்தாலும் எண்ணெய் பூசியிருந்தால் இரும்புதான். ரப்பர் பெட்டியிலேயே கிழடாகிவிடும். பழைய இருப்பு, அசல் முத்திரை என்று கூடுதல் விலை கொடுத்து வாங்கிப் பூட்டிய சீல் ஒரு மாதத்தில் வெடிப்பதன் காரணம் அதுதான். இந்தியாவில் பெற்றோலில் 20 வீதம் எதனோல் கலக்கத் தொடங்கிய பிறகு, அங்குள்ள பழைய வண்டிக்காரர்களும் முதலில் ரப்பரைத்தான் தேடுகிறார்கள். அச்சுச் செலவும் ரப்பருக்குக் குறைவு, எல்லா உறுப்பினருக்கும் அது தேவை, இரண்டு மூன்று வருடத்தில் மறுபடியும் தேவை. பணம் சுற்றி வரும். அந்தச் சுற்றில் மிஞ்சுவதைச் சேர்த்து நான்காம், ஐந்தாம் வருடத்தில் பிஸ்டனுக்குப் போகலாம். அதற்குள் உறுப்பினர்களில் யார் காசு கட்டுகிறவர், யார் டீ சேர்ட்டுக்கு மட்டும் வருகிறவர் என்பதும் தெரிந்துவிடும்.