வெட்டி ஒட்டிய வீடியோ திக்கினால்

அம்மாவின் தொண்ணூறாவது பிறந்தநாளுக்காக, 1996-இல் எடுத்த கேசட்டையும் செல்போனில் எடுத்ததையும் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டி ஒரே படமாக்கினேன். ஓட்டிப் பார்த்தால், கூடத்தில் அம்மா நடந்து வருவது தடுக்கி விழப்போவது போல் இருந்தது. "நான் இப்படியா நடக்கிறேன்?" என்று அம்மாவே கேட்டுவிட்டார்.

உடனே புதுக் கம்ப்யூட்டர் வாங்க ஓடாதீர்கள். படத்தை இரண்டு தடவை ஓட்டுங்கள். திக்கும் இடம் மாறினால் கம்ப்யூட்டருக்கு வேகம் போதவில்லை என்று பொருள். 4கே-க்குப் பதில் 1080-இல் எடுத்துப் பார்க்கலாம். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் திக்கினால் கோளாறு படத்திலேயே இருக்கிறது. எனக்கு அப்படித்தான், அதுவும் செல்போன் பகுதியில் மட்டும்.

நம் நாட்டில் விற்ற கேசட் காமிராக்கள் விநாடிக்கு 25 படம் பிடிப்பவை. என் செல்போன் 30. கேசட்டை முதலில் சேர்த்ததால் மென்பொருள் மொத்தத்தையும் 25 என்று வைத்துக்கொண்டது. ஆகவே செல்போன் பகுதியில் ஆறு படத்துக்கு ஒன்று கழன்று விழுந்துவிட்டது!

30 என்று மாற்றி மறுபடி எடுத்தேன். (சில மென்பொருளில் பாதியில் மாற்ற முடியாது, முதலிலிருந்து தொடங்க வேண்டும்.) இப்போது கேசட் பகுதியில் ஐந்துக்கு ஒரு படம் இரண்டு முறை வரும். அதில் எல்லோரும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், கண்ணுக்குத் தெரியவில்லை. அம்மா நன்றாகவே நடக்கிறார்.