கல்லும் வளையும்

கருங்கல்லைச் சம்மட்டியால் அடித்தால் அது உடையுமேயன்றி வளையாது. ஆயினும், சாலைக்காக மலையை வெட்டிய இடங்கள் சிலவற்றில், பாறையடுக்குகள் மடித்த துணிபோல் நெளிந்திருப்பதைக் காணலாம். உடைய வேண்டிய கல் வளைந்தது எங்ஙனம்?

இதனைச் சோதித்துக் காண முற்பட்டார் கனடா நாட்டு மான்டிரியால் நகரில் பேராசிரியராக விளங்கிய பிராங்க் ஆடம்ஸ். பளிங்குக் கல்லைச் சிறு தூணாகக் கடைந்து, கனத்த இரும்புக் குழாயினுள் இறுகப் பொருத்தி, இரு முனைகளிலிருந்தும் மெல்ல மெல்ல அழுத்தினார். குழாயின் நடுப்பகுதி புடைத்தது. இரும்பை அறுத்து நீக்கினார். அதுவே பெரும்பாடாக இருந்திருக்கும். உள்ளிருந்த பளிங்கு பொடியாகவில்லை. பீப்பாய்போல் பருத்து ஒரே கல்லாக நின்றது! நிக்கல்சன் என்பாருடன் இணைந்து 1901ஆம் ஆண்டில் இம்முடிவை அவர் வெளியிட்டார். நாற்புறமும் நெருக்குண்ட கல்லுக்கு வெடித்து விலக இடமில்லை. ஆதலின் அதன் நுண்படிகங்கள் தமக்குள்ளே வழுக்கி உருமாறுகின்றன.

நிலத்தின் ஆழத்தில் நிகழ்வதும் இதுவே. மேலுள்ள பாறைகளின் சுமை நெருக்குகிறது. ஒவ்வொரு கிலோமீட்டர் ஆழத்திற்கும் வெப்பம் ஏறத்தாழ 25 முதல் 30 பாகை செல்சியஸ் உயர்கிறது. காலமோ இலட்சக்கணக்கான ஆண்டுகள்.

மேற்பரப்பை ஒட்டிய குளிர்ந்த பாறையின் இயல்பு வேறு. அது மூங்கிலைப் போன்றது. சிறிது வளையும், எல்லை கடந்தால் முறியும். கலிபோர்னியாவில் சான் ஆண்டிரியாஸ் என்னும் நெடும்பிளவு உண்டு. பசிபிக் தட்டும் வட அமெரிக்கத் தட்டும் ஒன்றையொன்று உரசிச் செல்லும் எல்லை அது. பிளவின் முகங்கள் உராய்வால் இறுகப் பற்றியிருந்தமையால், இருபுறத்து நிலங்களும் நகர இயலாது பல்லாண்டுகள் வளைந்து கிடந்தன. 1906ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் விடியற்காலையில் அப்பிடி விட்டது. ஏறத்தாழ 470 கிலோமீட்டர் நீளத்திற்கு நிலம் பெயர்ந்தது. பிளவின் குறுக்கே சென்ற வேலிகளும் சாலைகளும் துண்டுபட்டு, சிலவிடங்களில் 6 மீட்டர் வரை விலகி நின்றன. சான் பிரான்சிஸ்கோ நகரம் இடிந்தது. தொடர்ந்து மூண்ட தீ எஞ்சியவற்றில் பெரும்பகுதியை அழித்தது. மாண்டவர் ஏறத்தாழ 3,000 பேர் என மதிப்பிடுகின்றனர்.

நடுக்கத்திற்கு முன்னும் பின்னும் எடுத்த நில அளவைகளை ஒப்பிட்ட ஹாரி பீல்டிங் ரீடு என்னும் அறிஞர், வளைந்திருந்த பாறை திடீரென நிமிர்ந்ததே அந்நடுக்கத்திற்குக் காரணம் என 1910இல் விளக்கினார். அத்தட்டுகள் இன்றும் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 செண்டிமீட்டர் நகர்கின்றன. அன்று நிமிர்ந்த பாறைகள் மீண்டும் வளைந்து வருகின்றன; செயற்கைக்கோள்களின் துணைகொண்டு அவ்வளைவை ஆண்டுதோறும் அளந்து வருகின்றனர்.