விற்ற காருக்கு ஸ்டாண்டு பாக்கி வந்தால்

போன மாதம் கடைசி வருட மாணவன் ஒருவன் வகுப்பு முடிந்ததும் தயங்கித் தயங்கி என் மேஜைப் பக்கம் வந்தான். கையில் நான்காக மடித்த ஒரு தாள். தனியார் கார் ஸ்டாண்டு ஒன்றின் பில் புத்தகத்திலிருந்து கிழித்தது. மேலே டி.என். 72 என்று தொடங்கும் வண்டி எண். கீழே 143 நாள், நாளுக்கு 60 ரூபாய், மொத்தம் 8,580 ரூபாய் பாக்கி. அவன் அப்பா அந்தக் காரை விற்று ஒன்றரை வருடம் ஆகிறது.

"அப்பா கட்டிட்டாங்க சார். 'எலேய், இதுக்காண்டி நாலு பேரு வாயில விழணுமா? கட்டித் தொலை'ன்னு சொல்லிட்டாங்க. இப்ப ரெண்டாவது பில்லு வந்திருக்கு."

இதே போன்ற சிக்கலோடு இந்த வருடம் என்னிடம் வந்த நாலாவது பிள்ளை இவன். ஒருவன் வீட்டுக்குப் பயந்து கட்டினான். ஒருத்தி வீடியோ பார்த்துவிட்டு, நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன் என்று வக்கீல் நோட்டீசுக்கு 3,000 ரூபாய் செலவழித்தாள். இன்னொருவன் போனையே எடுக்காமல் இருந்துவிட்டான். படிக்கிற பிள்ளைகள்கூட அப்பா சொன்னார், நண்பன் சொன்னான் என்றே வழியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கையில் இருக்கும் தாள் என்ன தாள் என்று ஒருவரும் உட்கார்ந்து படிக்கவில்லை. அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நம் திருநெல்வேலிப் பக்கத்தில் இது கூடியதற்கு ஒரு காரணம் எனக்குத் தெரிகிறது. 2023 டிசம்பரில் தாமிரபரணி கரைமீறியபோது கொக்கிரகுளம், மீனாட்சிபுரம், சந்திப்பு, வண்ணார்பேட்டைப் பக்கம் தண்ணீர் நின்றது. எனக்குத் தெரிந்த வீடுகளிலேயே சேறு புகுந்த கார்களைக் கிடைத்த விலைக்குப் புரோக்கரிடம் தள்ளிவிட்டார்கள். காசு கைக்கு வந்தது, வண்டி போனது, ஆர்.சி. புக்கில் பேர் மட்டும் அப்படியே நின்றது. அந்த வண்டி இன்று நாலாவது கையில் இருக்கலாம். யாரோ கொண்டுபோய் ஸ்டாண்டில் விட்டுவிட்டுத் திரும்பி வருவதில்லை. ஸ்டாண்டுக்காரர் டேஷ்போர்டைத் திறந்து பார்க்கிறார். உள்ளே பழைய இன்சூரன்ஸ் நகல், அதில் உங்கள் போன் நம்பர். அவர் உங்களைக் கூப்பிடுவது இப்படித்தான்.

முதலில் தாளைப் படியுங்கள். கேட்பது தனியார் ஸ்டாண்டா, ஃபாஸ்டாக்கில் பிடித்த பணமா, போலீஸ் போட்ட இ-சலானா? மூன்றும் வேறு வேறு. ஸ்டாண்டு வாடகை என்பது வண்டியை விட்டவருக்கும் ஸ்டாண்டுக்காரருக்கும் உள்ள ஒப்பந்தம். 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, டோக்கன் வாங்கியவர்தான் அதற்குக் கட்டுப்பட்டவர். ஆர்.சி.யில் பேர் இருப்பதாலேயே நீங்கள் டோக்கன் வாங்கியவர் ஆகிவிட மாட்டீர்கள். இ-சலான் அப்படியில்லை. அது வண்டி எண்ணைப் பிடித்து, பதிவில் இருக்கும் பேருக்கே வரும்.

பேசாமல் இருந்துவிடுவது, கட்டிவிடுவது, கடிதம் எழுதுவது, போலீசில் எழுதிக் கொடுப்பது, நுகர்வோர் ஆணையத்துக்குப் போவது என்று உங்கள் முன்னால் இருக்கும் வழிகள் எல்லாருக்கும் தெரிந்தவைதான். பேசாமல் இருப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாக்கி நாளுக்கு நாள் ஏறும், உங்கள் பக்க நியாயம் எங்கும் பதிவாகாது.

நான் பயப்படுவது, பெரியவர்கள் எல்லாரும் நல்ல வழி என்று சொல்லும் அந்தக் 'கட்டித் தொலை'யைப் பார்த்துத்தான். கௌரவமான வழி, சண்டை இல்லாத வழி என்று நம் வீடுகளில் அதற்கு ஒரு மரியாதை உண்டு. நானும் அப்படிக் கட்டியவன். 2009இல் என் பழைய ஆம்னி வேனை ஒரு புரோக்கரிடம் விற்றேன். மறுவருடம் ஒரு ஸ்டாண்டிலிருந்து 400 ரூபாய் கேட்டு ஆள் வந்தார். நானூறு ரூபாய்க்கு என்ன பேச்சு என்று கொடுத்து அனுப்பினேன். வண்டி இன்னும் என் பேரில்தான் ஓடுகிறது என்று அந்த நானூறு எனக்குச் சொல்ல வந்தது. நான் காதில் வாங்கவில்லை. அடுத்த வருடம் கயத்தாறு தாண்டி அந்த வேன் ஒரு சைக்கிள்காரரை இடித்தது. இன்சூரன்ஸ் காலாவதி. பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்தில் இருந்து என் பேருக்குச் சம்மன் வந்தது. எனக்குப் பார்த்துப் பழக்கமே இல்லாத டிரைவர் ஓட்டிய வண்டிக்காக நாலு வருடம் அந்த வராந்தாவில் நின்றேன். எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஸ்டாண்டு ரசீதை எடுத்துக் காட்டினார். "வித்துட்டேன்னு சொல்றீங்க, அப்புறம் வாடகை மட்டும் ஏன் கட்டுனீங்க?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

இது என் ஒருவன் கதை இல்லை. நவீன் குமார் எதிர் விஜய் குமார் என்ற வழக்கில் கார் கைமாறிக் கைமாறிப் போயிருந்தது. 2009இல் விபத்து நடந்தபோதும் பதிவில் இருந்தது முதல் ஆளின் பேர்தான். இழப்பீட்டுக்குப் பொறுப்பு அந்தப் பதிவு உரிமையாளருக்குத்தான் என்று 2018 பிப்ரவரி 6 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விற்றேன் என்று சொல்வது போதாது. மோட்டார் வாகனச் சட்டம் 2(30) பிரிவில் 'உரிமையாளர்' என்றால் யார் பேரில் பதிவாகியிருக்கிறதோ அவர்தான். ஆகவே ஸ்டாண்டு பில் வந்தால் அதை ஒரு எச்சரிக்கை மணியாக எடுத்துக்கொள்ளுங்கள். பணத்தைக் கொடுத்து மணியின் வாயை அடைத்துவிட்டால், பின்னால் வருவது எட்டாயிரத்தோடு நிற்காது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. "பாக்கியக் கட்டிட்டு வண்டிய எடுத்துட்டுப் போயிருங்க அண்ணாச்சி" என்று ஸ்டாண்டுக்காரர் சாவியை நீட்டுவார். தயவுசெய்து தொடாதீர்கள். அது வாங்கியவருடைய வண்டி. அவர் நாளைக்கு வந்து காரைக் காணோம் என்று புகார் கொடுத்தால், எடுத்துப் போனது நீங்கள்.

நுகர்வோர் ஆணையம் இப்போது பிள்ளைகளிடம் பிரபலம். ஆனால் வண்டியை நீங்கள் விடவில்லை என்பதுதானே உங்கள் வாதம்? விடாதவர் அந்த ஸ்டாண்டுக்கு நுகர்வோரே இல்லை. அந்தப் பெண் செலவழித்த மூவாயிரம் வீணானது இதனால்தான். அந்த வழி பலிக்கும் இடம் ஃபாஸ்டாக். கண்ணாடியில் ஒட்டிய டேக்கோடு காரைக் கொடுத்துவிட்டால், நாங்குநேரி டோலிலும் வாகைக்குளம் டோலிலும், டேக் மூலம் வாடகை பிடிக்கும் பார்க்கிங்கிலும் பணம் உங்கள் கணக்கில்தான் போகும். டேக் கொடுத்த வங்கிக்கு நீங்கள் வாடிக்கையாளர். டேக்கை மூடச் சொல்லி அன்றைக்கே எழுதுங்கள், பிடித்த தொகையை மறுத்துப் புகார் எண் வாங்குங்கள். நெடுஞ்சாலை உதவி எண் 1033க்கும் போன் செய்யலாம். வங்கி முப்பது நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். அதற்குப் பிறகு நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது.

வாங்கியவர் யார் என்றே தெரியவில்லை, போனும் போகவில்லை என்றால் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். போலீசில் தெரிந்தவர் இருக்கிறார் என்று வாய்மொழியாக முடிக்காதீர்கள். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். தொலைபேசி 15100.

எனக்குப் பிடித்தது கடிதம்தான். என் நாலு வருடம் எனக்குச் சொல்லிக் கொடுத்தது இது. ஒரு கடிதம் ஸ்டாண்டுக்கு: இந்தத் தேதியில், இந்த நேரத்தில், இன்னாரிடம் வண்டியை ஒப்படைத்தேன். உங்கள் பில்லில் உள்ள நாட்களில் அது என் கையில் இல்லை. டோக்கனில் உள்ள கையெழுத்தைக் காட்டுங்கள். வண்டியை எடுக்க எனக்கு உரிமையில்லை. அவ்வளவு போதும், வண்டியை ஒப்படைத்தபோது எழுதி வாங்கிய டெலிவரி நோட் நகலை இணையுங்கள். இன்னொரு கடிதம் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு, படிவம் 29ஓடு. விற்றவர் பதினாலு நாளில் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் முப்பது நாளில் பேர் மாற்ற வேண்டும் என்கிறது சட்டத்தின் 50ஆவது பிரிவு. காலம் கடந்தாலும் கொடுங்கள். தபால் பிரிவில் நகலில் முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். ஸ்டாண்டுக்கு அனுப்புவதை ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். 2025 செப்டம்பர் முதல் பதிவுத் தபால் அதோடு சேர்ந்துவிட்டது. போய்ச் சேர்ந்ததற்கான சான்றையும் கேட்டு வாங்குங்கள்.

இங்கிலாந்தில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவனுக்கும் இதே தொல்லை வந்தது. அங்கே தனியார் பார்க்கிங் கம்பெனிகள் அரசின் வாகனப் பதிவு அலுவலகத்திடமிருந்தே முகவரி வாங்கித் தபால் அனுப்புகின்றன. அவன் விற்ற தேதியையும், வாங்கியவர் பேரையும் முகவரியையும் எழுதி அனுப்பினான், விட்டுவிட்டார்கள். விற்ற அன்றே பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்திருந்ததால் அவனுக்கு அது லேசாக முடிந்தது.

இனி விற்கப் போகிறவர்களுக்கு ஒன்று. அங்கீகாரம் பெற்ற பழைய கார் டீலராகப் பாருங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் உள்ள விதிப்படி, அவரிடம் ஒப்படைத்ததைப் படிவம் 29சி மூலம் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்துவிட்டால், அதன் பிறகு அந்த வண்டிக்கு அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். வண்டியைக் கொடுக்கும்முன் டேக்கைக் கிழியுங்கள், டேஷ்போர்டைக் காலி செய்யுங்கள்.

எல்லாருக்கும் எல்லா வழியும் ஒத்துவராது. நேரில் பேசும் திறமை உள்ளவன் ஸ்டாண்டுக்குப் போய் டோக்கன் புத்தகத்தைப் பார்த்துவிட்டு வரட்டும். கூட்டத்தில் வாய் வராதவன் வீட்டில் உட்கார்ந்து எழுதட்டும். எதுவானாலும் பொறுமை வேண்டும். ஒரே நாளில் முடிய வேண்டும் என்கிற அவசரத்தில்தான் பர்ஸ் திறக்கிறது. படிப்பிலும் இதைத்தான் இந்தப் பிள்ளைகளிடம் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் பையனும் நானும் அன்று சாயங்காலம் கடிதத்தை எழுதினோம். மூன்று தடவை அடித்து எழுதினான். முதல் பில் கட்டிய விவரத்தையும், அது தெரியாமல் கட்டியது, பொறுப்பை ஒப்புக்கொண்டு கட்டியது அல்ல என்பதையும் சேர்த்தோம். மறுநாள் தபாலில் போட்டான், ஆர்.டி.ஓ. ஆபீசில் முத்திரையும் வாங்கினான். ஒன்பதாம் நாள் ஸ்டாண்டிலிருந்து போன். "தம்பி, வாங்குனவரு நம்பரு ஏதும் இருந்தாக் குடுங்க, அவருட்டயே கேட்டுக்கிடுதோம்." நம்பர் இருந்தது. விற்ற அன்றைக்கே அவன் அம்மா பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் புரோக்கர் பேரும் நம்பரும், வண்டி தெருவைத் தாண்டிய நேரமும் எழுதி வைத்திருந்தார்கள்.