ஆவடியில வேலைக்குச் சேரப் போற தம்பிக்கு

தம்பி, திங்கட்கிழமை ஆவடியில சேரப் போற. அர்ஜுன் டாங்கியை வடிவமைச்ச இடம். வீட்டுல எல்லாருக்கும் பெருமைதான். ஆனா அதை ஃபேஸ்புக்லயும் லிங்க்ட்இன்லயும் போட்டுடாதே. எந்தப் பிரிவு, எந்தத் திட்டம்னு நீயே எழுதி வெச்சா, உளவுக்கு ஆள் தேடறவனுக்குப் பாதி வேலை முடிஞ்சுது. அடையாள அட்டை தெரியற செல்ஃபியும் வேண்டாம். அம்மாகிட்டயும் சொல்லி வை, சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்ல முதல்ல போடறது அவங்கதான்.

2019 டிசம்பர்ல விசாகப்பட்டினம் உளவு வழக்குல கடற்படை வீரர்கள் 7 பேர் கைதானாங்க. ஃபேஸ்புக்ல பெண்கள் பேர்ல வந்த நட்புலதான் ஆரம்பிச்சதுன்னு விசாரணையில சொன்னாங்க. அந்த மாசமே கடற்படை தன் தளங்கள்லயும் கப்பல்கள்லயும் ஸ்மார்ட்போனுக்குத் தடை போட்டுச்சு. 2020 ஜூலையில ராணுவம் தன் ஆட்களோட போன்ல இருந்து 89 ஆப்களை நீக்கச் சொல்லுச்சு.

பொண்ணுங்க பேர்ல மட்டும்தான் வருவாங்கன்னு நினைக்காதே. வெளிநாட்டு வேலைன்னு வருவாங்க, கருத்தரங்குக்குக் கட்டுரை கேட்டு வருவாங்க. நேர்காணலுக்கு ஒரு ஆப் இறக்குங்கன்னா அங்கேயே நிறுத்திடு. "தலைமை அலுவலகத்துல இருந்து பேசறேன்"னு ஒருத்தர் அதட்டினா, பணிவா போனை வெச்சுட்டு, ஆபீஸ் டைரக்டரியில இருக்கிற நம்பருக்கு நீயே கூப்பிடு. அவர் குடுக்கிற நம்பருக்குக் கூப்பிடாதே.

எனக்குப் பெரிய கவலை வேற. யாராவது தப்பாச் சொன்னா உன்னால சும்மா இருக்க முடியாது. சின்னப் பையனா இருந்தப்பவே டிவியில செய்தி வாசிக்கிறவங்களைத் திருத்துவ. அந்தக் குணத்தைத்தான் உளவு பாக்கிறவங்க தேடுவாங்க. கேள்வியே கேட்க மாட்டாங்க. ரயில்ல பக்கத்து சீட்டுக்காரர், "அந்த எஞ்சின் இன்னும் சோதனைக்கே வரலையாம்ல"ன்னு சும்மா சொல்லுவார். "இல்ல சார், போன மாசமே..."ன்னு உனக்கு வாய் வரைக்கும் வந்துடும். அவருக்கு வேண்டியது அந்த "போன மாசம்"தான். அவர் சொன்னது தப்பாவே இருந்துட்டுப் போகட்டும், விடு. "எனக்குத் தெரியாதுங்க"ன்னு சொல்லிப் பழகு. யார் டிரான்ஸ்ஃபர் ஆனாங்க, எந்த வாரம் லீவு கிடைக்காதுங்கறதெல்லாம் உனக்குச் சில்லறை விஷயம். பத்துப் பேர்கிட்ட வாங்கிச் சேர்க்கிறவனுக்கு அப்படி இல்லை.

1923 அலுவல் ரகசியச் சட்டத்துல, பாதுகாப்புத் துறை சம்பந்தப்பட்ட உளவுக்கு 14 வருஷம் வரைக்கும் சிறை. தெரிஞ்சு குடுக்கணும்னு கூட இல்லை, ரகசியத்தைக் கவனமா வெச்சுக்காம இருந்தாலே அதுல குற்றம்.

ஒருவேளை வாய் தவறிட்டா, மறைக்காதே. முதல்ல ஒண்ணுமில்லாத ஒரு போட்டோ கேட்பாங்க, கொஞ்சம் பணம் அனுப்புவாங்க. அடுத்த முறை அதையே காட்டி மிரட்டுவாங்க. அதனால அன்னிக்கே உங்க பாதுகாப்பு அதிகாரிகிட்ட போய்ச் சொல்லிடு. தனியா போக பயமா இருந்தா, ராத்திரி எத்தனை மணியானாலும் எனக்குப் போன் பண்ணு. என்ன விஷயம்னு நான் கேட்க மாட்டேன். கூட வந்து வாசல்ல நிக்கிறேன்.