முதலில் வாரிசு, பிறகு வாய்க்கால், கடைசியில் விலை

ஒரு வீடு பிடித்துவிட்டால் நம் வாயில் முதலில் வருவது விலைதான். “எவ்வளவு சொல்றாங்க? குறைப்பாங்களா?” திருச்சியில் பழைய வீடு ஒன்றை வாங்குவதற்காக உறையூர், புத்தூர், தில்லைநகர், ஸ்ரீரங்கம், கே.கே.நகர், எடமலைப்பட்டிபுதூர் என்று நானும் கணவரும் நெடுநாள் அலைந்தோம். அந்த அலைச்சலில் எனக்குப் பிடிபட்ட வரிசை வேறு. அந்தச் சொத்தில் யார் யாருக்குப் பங்கு இருக்கிறது, அந்த மண்ணுக்கு மழைத் தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது, இந்த இரண்டும் தெரிந்த பிறகு விலை பேசினால் போதும். இவை தெரியாமல் பேசுகிற விலை எதுவாக இருந்தாலும் அது அதிகம்தான்.

திருச்சி மாதிரி ஊரில் நல்ல வீடுகள் பெரும்பாலும் விளம்பரத்துக்கு வருவதில்லை. பெல் நிறுவனத்தில் ஓய்வு பெற்றவர்கள், சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் சம்பாதித்து அனுப்புகிறவர்கள், பக்கத்து மாவட்டங்களிலிருந்து பிள்ளைகள் படிப்புக்காகக் குடிவருகிறவர்கள் எனக் கேட்கிற ஆட்கள் எப்போதும் இருக்கிறார்கள். அதனால் வீடு வாய்வழியாகவே கைமாறிவிடுகிறது. எந்தத் தெரு பிடித்திருக்கிறதோ அந்தத் தெருவில் நடந்து போய், இஸ்திரி போடுகிறவரிடமும் பால்காரரிடமும் சொல்லி வைப்பது எங்களுக்கு நன்றாகப் பலித்தது. தரகர்களும் வேண்டும். ஆனால் கமிஷன் ஒரு சதவீதமா இரண்டா, இரண்டு தரப்பிலும் வாங்குகிறாரா என்பதை முதல் வீட்டைப் பார்க்கும் முன்பே கேட்டுவிட வேண்டும். நாங்கள் தேடிய நாட்களில் பஞ்சப்பூர் பேருந்து முனையம் கட்டிக்கொண்டிருந்தார்கள். “பஞ்சப்பூர் தொறந்துட்டா இந்த ரேட்டுக்குக் கனவுலகூடக் கிடைக்காது மேடம்” என்பது எல்லாத் தரகர்களும் சொன்ன வாக்கியம். முனையம் 2025இல் திறந்தும் விட்டது. என்றாலும் அதைக் காரணம் காட்டிக் கேட்கும் கூடுதல் விலையைக் கொடுப்பதில் எனக்கு அப்போதும் உடன்பாடில்லை, இப்போதும் இல்லை. தெருவில் இன்று இருக்கிற சாலைக்கும் பாதாளச் சாக்கடைக்கும் காவிரிக் குடிநீருக்கும் பணம் கொடுக்கலாம். வரப்போவதற்குக் கொடுக்க வேண்டாம்.

வாரிசு விஷயத்துக்கு வருகிறேன். பழைய வீடு வாங்குவதில் மிகப் பெரிய ஆபத்து இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

உறையூரில் ஒரு வீடு. அப்பா தன் சம்பாத்தியத்தில் கட்டியது. அவர் காலமாகிவிட்டார், அம்மாவும் இல்லை. மகன்கள் இருவர் விற்கிறார்கள். வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்தது. பட்டா, வீட்டு வரி எல்லாம் மூத்தவர் பெயரில். பக்கத்து வீட்டுத் திண்ணையில் இருந்த பெரியம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். “பெரிய பொண்ணுக்கு இந்த வீட்டு வாசல்லதாம்மா பந்தல் போட்டாங்க. இப்ப வடக்க எங்கேயோ இருக்கா” என்றார். மகன்களிடம் கேட்டபோது, “அக்காவுக்கு நகை போட்டு, சீர் செஞ்சு அனுப்பியாச்சுங்க. அவங்க இதுல எதுவும் கேக்க மாட்டாங்க” என்றார்கள்.

கேட்பதும் கேட்காததும் அந்த அக்காவின் விருப்பம். சட்டப்படி அவருக்குப் பங்கு இருக்கிறது. தந்தை உயில் எழுதாமல் இறந்தால், அவருடைய சுயசம்பாத்தியச் சொத்தில் மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சமபங்கு என்று 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமே சொல்லிவிட்டது. பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சமஉரிமையைத் தமிழ்நாடு 1989இல் கொண்டுவந்தது. அப்போது ஏற்கெனவே திருமணமானவர்களை அந்தத் திருத்தம் விட்டுவிட்டது. 2005இல் வந்த மத்தியச் சட்டத் திருத்தம் அந்தக் குறையையும் நீக்கியது. நகையும் சீரும் இந்தப் பங்கை அழிப்பதில்லை. அழிப்பது அவர் கையெழுத்து மட்டும்தான். ஒன்று, அவரும் விற்பவர்களில் ஒருவராகக் கிரயப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். இல்லையென்றால் சகோதரர்களுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிந்து கொடுத்திருக்க வேண்டும். அக்கா வந்து கையெழுத்துப் போட்டால் வாங்குகிறோம் என்றோம். அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை, நாங்கள் விலகிவிட்டோம். நம் பாதுகாப்புக்காக மட்டும் இதை நான் சொல்லவில்லை. ஒரு பெண்ணுக்குச் சேர வேண்டிய பங்கை அவள் காதுக்கே எட்டாமல் வாங்கிக்கொண்டு அந்த வீட்டில் குடியிருக்க என்னால் முடியாது.

பலரும் மறந்துவிடுகிற இன்னொரு வாரிசு, இறந்தவரின் தாய். மகன் முதலில் இறந்து தாய் உயிரோடு இருந்தால், மருமகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் இணையாக அந்தத் தாய்க்கும் ஒரு பங்கு போகிறது. பிறகு அந்தத் தாய் உயில் எழுதாமல் இறந்தால், அவர் பங்கு அவருடைய மற்றப் பிள்ளைகளுக்கும் பிரிகிறது. விற்பவரின் சித்தப்பாவும் அத்தையும் இப்படித்தான் ஓசையில்லாமல் பங்குதாரர்களாகிவிடுகிறார்கள். ஆகவே யார் எப்போது இறந்தார் என்ற வரிசையை ஒரு தாளில் எழுதிக் குடும்ப மரம் போட்டுப் பாருங்கள். தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழை மட்டும் நம்பி நிற்காமல், கருமாதிப் பத்திரிகை இருந்தால் கேட்டு வாங்கிப் பார்ப்பது என் வழக்கம். மகள், மருமகன், பேரன், பேத்தி என ஒருவரையும் விடாமல் பெயர் போடுகிற ஆவணம் நம் குடும்பங்களில் அதுதான். வாரிசுகளில் 18 வயது நிரம்பாத பிள்ளை இருந்தால், அந்தப் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும். அம்மாவின் கையெழுத்து மட்டும் போதாது. மேலே சொன்னதெல்லாம் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி. முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்குப் பங்குக் கணக்கு வேறு. வக்கீலிடம் முதல் கேள்வியாக அதைக் கேளுங்கள்.

வில்லங்கச் சான்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். பதிவுத் துறை இணையதளத்தில் அதைக் கட்டணமின்றிப் பார்க்க முடிவது பெரிய வசதி. அதனாலேயே அதை முழு ஜாதகம் என்று எண்ணிவிடுகிறோம். பதிவான பரிவர்த்தனைகள்தான் அதில் வரும். வாய்மொழிப் பாகப்பிரிவினை வராது. உயில் பதிவு செய்யப்பட்டிருந்தாலும் வராது. பத்திரத்தை அடகு வைத்துத் தனியாரிடம் வாங்கிய கைக்கடன் வராது. திருச்சி போன்ற நகரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய பத்திரங்களில் பழைய சர்வே எண் இருக்கும். பின்னால் நகர நில அளவை வந்து வார்டு, பிளாக், டி.எஸ். நம்பர் என்று மாறியிருக்கும். ஒரு எண்ணைப் போட்டுத் தேடினால் மற்ற எண்ணில் பதிவானது கண்ணில் படாமல் போகலாம். இரண்டு எண்களிலும் தேடுங்கள், குறைந்தது 30 ஆண்டுகளுக்கு. தாய்ப்பத்திரத்தின் அசலைக் கையில் வாங்கிப் பாருங்கள். “அசல் லாக்கர்ல இருக்கு, கிரயத்தன்னைக்குக் கொண்டு வர்றேன்” என்றால் அதுவரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். வங்கியின் வக்கீல் பார்த்துவிட்டார் என்பது வங்கிக்குப் போதும், நமக்குத் தனியாக ஒரு வக்கீல் வேண்டும். சார்பதிவாளர் பதிந்துவிட்டார் என்பதால் விற்றவருக்கு உரிமை இருந்தது என்று ஆகிவிடாது. பதிவு பத்திரத்துக்குத்தான், உரிமையை விசாரிப்பது வாங்குகிறவர் பொறுப்பு. பத்திரிகையில் வக்கீல் மூலம் ஒரு பொது அறிவிப்பு கொடுத்தால், மறைந்திருக்கிற பங்காளி வெளியே வர ஒரு வாய்ப்பாவது உண்டு.

ஸ்ரீரங்கத்தில் வீடு வேண்டும் என்பது என் மாமியாரின் ஆசை. அங்கே பார்த்த சில இடங்களில் கட்டடம்தான் விற்பனைக்கு, அடிமனை கோயிலுடையது. பல தலைமுறையாக அப்படிக் குடியிருக்கிறார்கள், கைமாற்றியும் இருக்கிறார்கள். அறநிலையத் துறையின் அனுமதி இல்லாமல் கோயில் நிலத்துக்கான பத்திரத்தைப் பதிய முடியாது. “பதிவுக்கு வழி இருக்கு” என்று யார் சொன்னாலும், அந்த வழியை எழுத்தில் பார்க்காமல் ஒரு ரூபாய் கொடுக்கக் கூடாது. காலி மனை பார்க்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கீகாரம் இல்லாத மனைகளை வரன்முறைப்படுத்தும் திட்டத்துக்கு 2016 அக்டோபர் 20தான் கெடு தேதி. அதற்குப் பிறகு போட்ட அங்கீகாரமற்ற மனைப் பிரிவு என்றால் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

அடுத்தது தண்ணீர். காவிரிக் கரை ஊர் என்றாலும் திருச்சியின் உள்பகுதிகளைப் பயமுறுத்துவது கோரையாறும் குடமுருட்டியும் உய்யக்கொண்டான் வாய்க்காலும்தான். தெற்கே பெய்கிற மழை கோரையாற்றில் வந்து குடமுருட்டி வழியாகக் காவிரிக்குப் போக வேண்டும். 2005 நவம்பரில் அந்த வழி கொள்ளாமல் குடியிருப்புகளுக்குள் வெள்ளம் புகுந்ததை ஊர்க்காரர்கள் இன்றும் சொல்வார்கள். நான் வீடு பார்க்கப் போன தெருவிலெல்லாம் “2005ல இங்க எதுவரைக்கும் வந்துச்சு?” என்று கேட்பேன். விற்பவரிடம் கேட்க மாட்டேன், எதிர் வீட்டில் கேட்பேன். முழங்கால் வரை என்றோ ஜன்னல் வரை என்றோ கையை வைத்தே காட்டிவிடுவார்கள். இன்னொன்றும் கவனியுங்கள். தெருவில் சாலையை உயர்த்தி உயர்த்திப் போட்டதில் பழைய வீடுகளின் வாசல் தாழ்ந்துவிட்டிருக்கும். அப்போது பெருவெள்ளம் வேண்டியதில்லை, ஐப்பசி மழைக்கே சாக்கடை உள்ளே திரும்பும். அதனால் ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பெய்யும் நாளில் ஒருமுறை போய் நின்று பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம். புல வரைபடத்தில் வாய்க்காலோ ஓடையோ மனையைத் தொட்டுப் போகிறதா என்றும் பாருங்கள். கண்ணுக்கு மண்மேடாகத் தெரிவது வரைபடத்தில் வாய்க்காலாக இருக்கும்.

வீட்டுக்குள் போனால் சுவரின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். இடுப்பளவு மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் ஓதம் ஏறியிருக்கிறது. மாடியைப் பிளான் அனுமதி வாங்கிக் கட்டினார்களா என்று கேளுங்கள். வங்கி கேட்கும், மாநகராட்சியும் ஒருநாள் கேட்கும். போர் தண்ணீரை ஒரு டம்ளர் குடித்துப் பாருங்கள். குடியிருப்பவர் வாடகைக்கு இருக்கிறாரா போக்கியத்துக்கு இருக்கிறாரா என்பதை அவரிடமே கேளுங்கள். போக்கியம் என்றால் லட்சக்கணக்கில் பணம் கொடுத்திருப்பார், அது திரும்பி வராமல் அவர் கிளம்ப மாட்டார், கிளம்பச் சொல்வது நியாயமும் இல்லை. அந்தப் பணம் யார் கையிலிருந்து எப்போது போகும் என்பதைக் கிரய ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். ஒப்பந்தத்தையும் பதிந்துவிடுங்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து அது கட்டாயம்.

இப்போது விலை பேசலாம். 60 லட்சம் என்று பேசி முடித்தால் செலவு 60 லட்சத்தோடு நிற்காது. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 5 லட்சத்து 40 ஆயிரம். வழிகாட்டி மதிப்பு 60 லட்சத்துக்கு மேல் இருந்தால் கணக்கு அதன்மேல் ஏறும். வங்கி இந்தத் தொகைக்கு அதிகபட்சம் 80 சதவீதம், அதாவது 48 லட்சம்தான் கொடுக்க முடியும். பதிவுச் செலவு அதில் சேராது. கையில் 17 லட்சத்து 40 ஆயிரம் இருந்தால்தான் இந்த வீட்டைப் பற்றிப் பேசவே முடியும். தரகும் வக்கீல் கட்டணமும் மராமத்தும் இதற்கு மேல். 50 லட்சமும் அதற்கு மேலும் என்றால் விற்பவருக்குக் கொடுக்கும் தொகையில் ஒரு சதவீதத்தைப் பிடித்து வருமான வரித் துறைக்கு நாம்தான் கட்ட வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் பிடித்தம் இன்னும் அதிகம், ஆடிட்டரைக் கேட்காமல் செய்யாதீர்கள். அட்வான்ஸைக் காசாகக் கேட்பார்கள். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தவறு. எல்லாம் வங்கி வழியாகவே போகட்டும். பத்திரத்தில் குறைத்துக் காட்டினால் செலவு மிச்சம் என்கிற யோசனைக்கு நாங்கள் காது கொடுக்கவில்லை. நாளைக்கு ஒரு வழக்கு வந்தால், நாம் கொடுத்தது எவ்வளவு என்பதற்கு அந்தப் பத்திரம்தான் சாட்சி.

நாங்கள் கடைசியில் வாங்கியது புத்தூர்ப் பக்கம் ஒரு சின்ன வீடு. மூன்று சகோதரிகளும் ஒரு சகோதரரும் சேர்ந்து விற்றார்கள், நால்வரும் பதிவு அலுவலகத்துக்கு நேரில் வந்தார்கள். கேட்ட விலையில் அதிகம் குறைக்கவில்லை. வற்புறுத்தவும் எனக்கு மனம் வரவில்லை. அத்தனை பேரும் ஒருமனதாகக் கையெழுத்திட்ட சொத்துக்குச் சந்தை விலையில் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம் என்பது என் கட்சி.

பதிவு முடிந்த கையோடு பட்டா மாறுதல், சொத்து வரி, குடிநீர் இணைப்பு, மின் இணைப்பு எல்லாவற்றுக்கும் மனு கொடுத்துவிடுங்கள். சில வாரம் கழித்து வில்லங்கச் சான்றை மறுபடி எடுத்து, உங்கள் பெயரும் டி.எஸ். நம்பரும் நான்கெல்லையும் பத்திரத்தில் உள்ளபடியே ஏறியிருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். பத்திரத்திலேயே பிழை இருந்தால் பிழைத்திருத்தல் பத்திரம் எழுத விற்றவர்கள் எல்லோரும் மறுபடி வர வேண்டியிருக்கும். அவர்கள் ஊர் திரும்பி, தொலைபேசி எண் மாறுவதற்குள் அதை முடித்துவிடுங்கள்.